அண்ணாச்சியின் மாருதியும் 1861-ஆம் வருடத்துச் சட்டமும்

2023 ஏப்ரலில் ஒரு காலை நேரம். காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்தால் கீழே எங்கள் ஜனக்புரி தெருவில் க்ரேன் வண்டி நிற்கிறது. பின்னால் போலீஸ்காரர் ஒருவர், கையில் டேப்லெட்டோடு போக்குவரத்துத் துறை ஆசாமிகள் இரண்டு பேர். எதிர் வீட்டு எஸ்டீமை ஏற்கெனவே தூக்கிவிட்டார்கள். அடுத்தது மூலை வீட்டு சாண்ட்ரோ. அந்த வீட்டு அம்மா நைட்டியோடு ஓடி வந்து "தினமும் துடைச்சு வைக்கிறோம், இன்ஷூரன்ஸ்கூட இருக்கு" என்று இந்தியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நம்பரைத் தட்டினார்கள், வண்டிக்குப் பதினைந்து வயசு தாண்டிவிட்டது என்றார்கள், தூக்கினார்கள். அவ்வளவுதான்.

அதற்கடுத்து எங்கள் பிளாக் வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளை மாருதி 800-ஐச் சுற்றி வந்தார்கள். நான்கு டயரிலும் காற்று இல்லை. மேலே வேப்பிலைச் சருகு ஒரு கூடை தேறும். எந்தப் புண்ணியவானோ பின்கண்ணாடித் தூசியில் விரலால் படம்கூடப் போட்டு வைத்திருந்தான். க்ரேனில் அன்றைக்கு இடமில்லை. "இது அப்புறம்" என்று போய்விட்டார்கள்.

அது அண்ணாச்சியின் வண்டி. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அண்ணாச்சியைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு உத்தியோகத்தில் முப்பத்து நாலு வருடம் டெல்லியில் கழித்தவர். 1998-ல் புது மாருதி வாங்கி பிளாக் முழுக்க அல்வா கொடுத்தவர். 2008-ல் ஓய்வு பெற்று பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். வண்டி மகனிடம் இருந்தது. மகன் 2012-ல் வெளிநாடு போனான். போகும்போது சாவியை எங்கள் வீட்டில் கொடுத்து, "ஆறு மாசத்துல வந்து வித்துருதேன்" என்றான். அந்த ஆறு மாசம் பதினோரு வருடமாகிவிட்டது!

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, உங்க மாருதியத் தூக்க ஆள் வந்துட்டாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது இன்னுமா அங்கன நிக்கி?" என்றார்.

வெளியூரில் குடும்பம் நடத்துகிற நம்மில் பல பேருக்கு இப்படி எங்காவது ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் இந்தக் கேட்பாரற்ற வண்டிகளுக்கான சட்டத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். நினைத்ததைவிட சுவாரஸ்யமான சரித்திரம்.

முதலில் வார்த்தை. தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவது 'கேட்பாரற்றுக் கிடந்த வாகனங்கள்'. இங்கே டெல்லியில் 'லாவாரிஸ் காடி' என்பார்கள். லாவாரிஸ் என்றால் வாரிசு இல்லாதது. அமிதாப் படம் ஒன்றுக்கே அந்தப் பெயர் உண்டு. தமிழில் விசாரிக்க ஆளில்லை என்றுதான் சொல்கிறோம், இந்தியிலோ வாரிசே இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அண்ணாச்சி வண்டியைப் பொறுத்தவரை தமிழ்தான் சரி. வாரிசு பேஷாக இருக்கிறான், கேட்கத்தான் ஆளில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1857 கலவரத்துக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் நாட்டை இறுக்கிப் பிடிக்க வரிசையாகச் சட்டம் போட்டார்கள் இல்லையா, அதில் ஒன்று 1861-ஆம் வருடத்துப் போலீஸ் சட்டம். அதன் 34-வது பிரிவு நகரத் தெருக்களில் என்னென்ன செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்வது, குப்பை கொட்டுவது, மிருகங்களை வதைப்பது, இப்படி. அதில் ஒரு வரி நம்முடையது. சரக்கு ஏற்றி இறக்கவோ ஆள் ஏறி இறங்கவோ ஆகும் நேரத்துக்கு மேல் மாட்டையோ வண்டியையோ தெருவில் நிறுத்தி வைப்பதும், பொதுமக்களுக்கு இடைஞ்சலாகவோ ஆபத்தாகவோ வண்டியை விட்டுவிட்டுப் போவதும் குற்றம். அபராதம் 50 ரூபாய் வரை, அல்லது எட்டு நாள் வரை சிறை.

யோசித்துப் பாருங்கள். மோட்டார் கார் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். அன்றைய வண்டி மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். ஆனால் கருத்து தெளிவாக இருக்கிறது: தெரு என்பது போவதற்கும் வருவதற்கும். நிற்பது என்பது ஒரு சலுகை, ஏற்றி இறக்குகிற வரைக்கும். இன்றைக்கு ஜனக்புரியில் இந்த வரியை அமல்படுத்தினால் மொத்தக் காலனியும் எட்டு நாள் உள்ளே இருக்க வேண்டியதுதான் :-)

அதே சட்டத்தின் 25 முதல் 27 வரையான பிரிவுகள் கேட்பாரற்ற சொத்தைப் பற்றியவை. போலீஸ் அதைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். உரியவர் ஆறு மாசத்துக்குள் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அவர் அறிவிப்புச் செய்யலாம். யாரும் வராவிட்டால் ஏலம். எனக்கு இந்த ஆறு மாசம் பிடித்திருந்தது. ரயிலும் தந்தியும் அப்போதுதான் வந்துகொண்டிருந்த காலத்தில், சொந்தக்காரன் எங்கேயோ தூர தேசம் போயிருக்கலாம், சேதி கேட்டு வரட்டும் என்று ஒரு பொறுமை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அப்போதே நம்மைப் போன்ற ஊர்விட்டு ஊர் போனவர்களை யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, 1861-லேயே இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருந்தன. வண்டி வழியை மறிக்கிறதா? வண்டிக்குச் சொந்தக்காரன் உண்டா? அடுத்த நூறு வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டு கேள்விகளே போதுமானதாக இருந்தன. 1914-ல் ஒரு மோட்டார் வாகனச் சட்டம், 1939-ல் இன்னொன்று என்று வந்தபோதும், காரை அனாதையாக விட்டுவிட்டுப் போகிற பிரச்சினை பெரிதாகக் கிடையாது. ஏன்? கார் அவ்வளவு அருமையான பொருள். அம்பாசடரும் ஃபியட்டும் பணம் கட்டிக் காத்திருந்து வாங்கிய காலம். பஜாஜ் ஸ்கூட்டருக்கு, பையனுக்குப் பத்து வயசாகும்போது பதிவு செய்தால் கல்லூரிக்குப் போகும்போது வரும் என்பார்கள். அப்படி வந்ததை யார் தெருவில் விடுவார்கள்? ஓடாத வண்டியைக்கூடப் பிரித்துப் பிரித்து விற்கலாம். சென்னைக்குப் புதுப்பேட்டை, டெல்லிக்கு மாயாபுரி. எங்கள் வீட்டிலிருந்து மாயாபுரி கூப்பிடு தூரம்தான். காயலான் கடைக்காரருக்குப் பழைய கார் என்பது குப்பையல்ல. ரேடியேட்டர், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி என்று தனித்தனி வரவு. மிச்சம் மீதிதான் பேரீச்சம்பழத்துக்கு.

இதை மாற்றியது மாருதி. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி டெல்லிக்காரரான ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். தன் ஃபியட்டை விற்றுவிட்டு இதை வாங்கினார். இந்த முதல் மாருதிக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள். நம்மைப் போன்ற மாசச் சம்பளக்காரன் கார் வாங்கலாம் என்று ஆனது அப்போதுதான். கூடவே ஒரு நாள் அதை விட்டுவிட்டுப் போகலாம் என்றும் ஆனது.

1988-ல் இப்போதுள்ள மோட்டார் வாகனச் சட்டம் வந்தது (அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1). அதன் 127-வது பிரிவுதான் நாம் தேடுகிற பிரிவு. பொது இடத்தில் ஒரு வண்டி பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டு அல்லது கவனிக்க ஆளில்லாமல் நின்றால், சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அதை இழுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். உடைந்தது, எரிந்தது, பாதி பிரித்துப் போட்டது என்று போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் பத்து மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே அகற்றலாம். இழுவைச் செலவு சொந்தக்காரர் தலையில். 201-வது பிரிவு, பழுதாகி வழியை மறிக்கும் வண்டிக்கு மணிக்கு 50 ரூபாய் வரை அபராதம் என்றது. 1861-ல் மாட்டு வண்டிக்கு ஒட்டுமொத்தமாக 50, 1988-ல் மோட்டார் வண்டிக்கு மணிக்கு 50. விலைவாசியைப் பார்த்தால் வெள்ளைக்காரன் போட்டதுதான் கடுமையான அபராதம். 2019 திருத்தத்தில் அந்த 50 ரூபாய் 500 ஆனது.

இது போலீஸ் கையில் உள்ள அதிகாரம். இது தவிர, டெல்லி மாநகராட்சிக்கு 1957-ஆம் வருடச் சட்டத்தின் 321, 322 பிரிவுகளின்படி தெருவில் போட்டு வைத்த பொருள்களை அகற்றும் அதிகாரம் உண்டு. மும்பைக்கு இன்னும் பழைய சட்டம், 1888. அங்கே மாநகராட்சி ஆள் வண்டி மேல் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, கெடு முடிந்ததும் இழுத்துப் போய், யாரும் வராவிட்டால் ஏலம் போடுவது பழக்கம். மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருக்கும் நம்மாட்கள் அந்த நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள்.

சட்டம் இவ்வளவு இருந்தும் எங்கள் வேப்பமரத்தடியில் பதினோரு வருடம் வண்டி எப்படி நின்றது? 2016-ல் எங்கள் காலனி சங்கச் செயலாளர் எழுத்து மூலமாகவே முயற்சி செய்தார். (அண்ணாச்சிக்கு இது தெரியாது. தெருவுக்கே இடமில்லை, நானும் தடுக்கவில்லை.) ஓர் அலுவலகத்தில், வாகனம் என்றால் போலீஸ்தான் என்றார்கள். இன்னோர் இடத்தில், சொந்தக்காரர் யாரென்று தெரிகிறதே, அப்புறம் எப்படி இது கைவிடப்பட்ட வண்டி ஆகும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயம்தான், யோசித்தால் தலை சுற்றும். மூன்றாவது இடத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது, இடமில்லை என்றார்கள். உண்மையைச் சொன்னவர்கள் இவர்கள்தான்.

ஏனென்றால் இழுத்துப் போன வண்டியும் எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும்? எந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலையும் பாருங்கள். விபத்து வண்டி, திருட்டு வண்டி, கடத்தல் வண்டி, அதற்குள் செடி முளைத்து மரமாகியிருக்கும். வழக்கு முடிகிற வரை சாட்சிப் பொருள். 2002 அக்டோபர் 1-ஆம் தேதி சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் போட்டு வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள், வேண்டாம் என்றால் ஏலம் விடுங்கள் என்றது. தீர்ப்பு வந்து இருபது வருடத்துக்கும் மேலாகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் கொண்டுவந்த புதிய சட்டத்தில் (2024 ஜூலை 1 முதல் அமல்) இதற்குக் கெடுவே வைத்துவிட்டார்கள். பதினாலு நாளுக்குள் பொருளின் விவரப் பட்டியல், படம் அல்லது வீடியோ, அதற்குப் பின் முப்பது நாளுக்குள் என்ன செய்வதென்று உத்தரவு. ஸ்டேஷன் வாசலில் மரங்கள் குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

நடுவில் இன்னொரு திருப்பம். 1993 மார்ச் 12 பம்பாய் குண்டுவெடிப்பு. கார்களிலும் ஸ்கூட்டர்களிலும் குண்டு வைத்திருந்தார்கள். அன்றே ஒர்லியில் கேட்பாரற்று நின்ற ஒரு மாருதி வேனைப் போலீஸ் திறந்து பார்த்தது. உள்ளே ஆயுதங்கள். வேனின் பதிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் மேமன் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். தாதர் பக்கம் வெடிக்காத குண்டோடு ஒரு ஸ்கூட்டரும் நின்றிருந்தது. அதுவரை தூசி படிந்த வண்டி இடைஞ்சல் மட்டும்தான். அதற்குப் பிறகு அது பயம். டெல்லிவாசிகளுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும், 'லாவாரிஸ் வஸ்து' என்று மைக்கில் அறிவிப்புக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் நம் வீடுகளில். 1996-ல் டெல்லியில் டெங்கு வந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு நானூற்றுச் சொச்சம் பேர் இறந்த பிறகு, மழைத் தண்ணீர் தேங்கும் பழைய டயரும் ஓட்டை வண்டியும் கொசுப் பண்ணை என்ற பெயரையும் வாங்கிக்கொண்டன.

ஆனாலும் இடைஞ்சல், பயம், கொசு இவை எதுவுமே எங்கள் தெருவுக்கு க்ரேனைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது காற்று.

டெல்லிக் காற்று வழக்கு எம்.சி. மேத்தா 1985-ல் போட்ட வழக்கு. அதில் 1998-ல் உச்ச நீதிமன்றம் பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட வணிக வாகனங்களைப் படிப்படியாக டெல்லியில் நிறுத்தச் சொன்னது. ஜூலை 28 உத்தரவு பஸ்களையெல்லாம் சி.என்.ஜி.க்கு மாறச் சொன்னது. நீங்கள் அப்போது டெல்லியில் இருந்திருந்தால் 2001 ஏப்ரலில் பஸ் கிடைக்காமல் நின்றது நினைவிருக்கும். முதல் முறையாக வண்டியின் வயசே ஒரு குற்றமாக ஆரம்பித்தது அங்கேதான். ஆனால் அது லாரி, டாக்சி, பஸ் சமாச்சாரம். சொந்தக் கார்க்காரர்கள் நிம்மதியாக இருந்தோம்.

2014 நவம்பர் 26-ஆம் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிம்மதியைக் கெடுத்தது. பதினைந்து வருடம் தாண்டிய எந்த வாகனமும் டெல்லிச் சாலையில் ஓடக்கூடாது. ஓடக்கூடாது என்பதோடு நிறுத்தவில்லை, பொது இடத்தில் நிற்கவும் கூடாது, நின்றால் இழுத்துப் போகலாம் என்றது. அடுத்த வருடம் ஏப்ரலில் டீசல் வண்டிக்குப் பத்து வருடம் என்றது. 2018 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அதையே உறுதி செய்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். ஓடுகிற பழைய வண்டி புகை விடுகிறது, தடை செய்வதில் அர்த்தம் உண்டு. நிற்கிற வண்டி புகை விடுமா? அண்ணாச்சியின் மாருதி 2012-க்குப் பிறகு ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்கவில்லை. டெல்லிக் காற்றுக்கு அதைப் போல் நல்லது செய்த கார் வேறு இருக்க முடியாது! வழியை மறித்ததற்காக அதைத் தூக்க 1861-லிருந்தே அதிகாரம் இருந்தது. பத்து மணி நேரம் நின்றதற்காகத் தூக்க 1988-லிருந்து அதிகாரம் இருந்தது. யாரும் தூக்கவில்லை. புகைக்காகப் போட்ட உத்தரவு வந்துதான் புகையே விடாத வண்டியைத் தூக்க வைத்தது. என் அபிப்பிராயம் இதுதான்: உண்மையான பஞ்சம் இடத்துக்கு. வீடு கட்டும்போது கார் நிறுத்த இடம் விடாமல் மாடிக்கு மேல் மாடி கட்டிவிட்டு, தெருவை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம். அந்தச் சண்டையைத் தீர்க்க எந்த அதிகாரிக்கும் தெம்பில்லை. எந்த வண்டிக்கு இடைஞ்சல் என்று பெயர் வைப்பது, உங்களுடையதா என்னுடையதா? வயசு என்று வந்தால் வாக்குவாதம் இல்லை. டேப்லெட்டில் தேதி இருக்கிறது.

சொன்னபடி முதல் மாருதிக்கு வருகிறேன். ஹர்பால் சிங் அதைக் கடைசிவரை விற்கவில்லை. 2010-ல் அவர் காலமானார். அதற்குப் பிறகு அந்த வண்டி க்ரீன் பார்க்கில் அவர் வீட்டு வாசலில் துருப்பிடித்து நின்றது. நாட்டின் கார் சரித்திரத்தையே மாற்றிய வண்டி, விதிப்படி டெல்லிச் சாலையில் ஓட முடியாத, பொது இடத்தில் நிற்கவும் முடியாத ஒரு பழைய கார். படங்கள் வெளியாகி, பிறகு கம்பெனியே அதைச் சீர்செய்து தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது. கார் எண்ணிக்கையில் இரண்டாவது, மூன்றாவது, லட்சமாவது மாருதிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

2023-ல் க்ரேன்கள் கிளம்பியபோது வீட்டு வாசலில் நின்ற வண்டிகளையும் தூக்கினார்கள் என்று சிலர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம், சாலையில் ஓட்ட மாட்டேன், பொது இடத்தில் நிறுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்றது. இதற்கென்று ஒரு கொள்கை வகுக்கவும் அரசுக்குச் சொன்னது. 2024 பிப்ரவரியில் வழிகாட்டு நெறிகள் வந்தன. பிடிபட்ட காரை மீட்க 10,000 ரூபாய், இரு சக்கர வாகனத்துக்கு 5,000. இதில் முக்கியமான சங்கதி, குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே இருந்தாலும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் இடம் 'சொந்த இடம்' ஆகாது. 1861-ல் தெருவுக்கு மட்டும் இருந்த சட்டம் இப்போது காலனி கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டது.

2025 ஜூலை 1 முதல் வயசான வண்டிகளுக்குப் பெட்ரோலே போடக்கூடாது என்று பங்குகளில் கேமரா வைத்தார்கள். டெல்லியில் மட்டும் அப்படிப்பட்டவை சுமார் 62 லட்சம் என்பது அப்போது சொன்ன கணக்கு. எதிர்ப்புக் கிளம்பி சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயசிலிருந்து புகையின் தரத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். நல்லதுதான். அண்ணாச்சியின் 98 மாடலுக்கு இதனால் லாபம் ஒன்றும் இல்லை.

வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று. இதே வண்டி பாளையங்கோட்டையில் இருந்திருந்தால்? பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக் காட்டி, வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கலாம். (600 ரூபாயாக இருந்த கார் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. ஆனாலும் முடியும்.) டெல்லியில் செத்த வண்டி தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கும். அதனால்தான் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு டெல்லி வண்டியை ஊருக்கு ஓட்டிப் போகிறவர்கள். ஆனால் அதற்கு வண்டி ஓட வேண்டுமே. பதினோரு வருடம் நின்ற வண்டியை 2,700 கிலோமீட்டர் லாரியில் ஏற்றி அனுப்பும் செலவுக்கு அங்கேயே இரண்டு பழைய மாருதி வாங்கலாம்.

"போனாப் போவுது தம்பி, தூக்கிட்டுப் போவட்டும்" என்றுதான் அண்ணாச்சி முதலில் சொன்னார். நான்தான் விடவில்லை. காரணம் இது. சட்டப்படி வண்டியின் உரிமையாளர் என்பவர் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர். கையில் யார் வைத்திருக்கிறார் என்பது இல்லை. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அந்த வண்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று நாலு கை மாறியிருந்தது. பதிவு மட்டும் மாறவில்லை. விபத்து நடந்தபோது நஷ்ட ஈடு பழைய பெயர்க்காரர் தலையில் விழுந்தது. வண்டி நாசமாகி இனி ஓடவே ஓடாது என்றால் பதினாலு நாளுக்குள் சொல்லிப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று 55-வது பிரிவும் இருக்கிறது. யாரும் செய்வதில்லை. நம் பெயர் எழுதிய ஒரு நம்பர் பிளேட், எங்கோ, யார் கையிலோ. ஒர்லி வேனை நினைத்துப் பாருங்கள்.

2021 செப்டம்பரில் வந்த விதிகளால் இந்த வேலை முன்னைவிடச் சுலபம். அதற்கு முன் மாயாபுரி மாதிரி இடங்களில் கொடுத்துவிட்டு, சேஸிஸ் எண் பொறித்த துண்டை வெட்டி வாங்கி, அதைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ.வில் காட்டி அலைய வேண்டும். இப்போது பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அசல் ஆர்.சி., அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்குக்கு ரத்து செய்த காசோலை, உரிமையாளர் வர முடியாவிட்டால் அதிகாரக் கடிதம். திருட்டு வண்டியா என்று அவர்களே கணினியில் பார்த்துக்கொள்கிறார்கள். வண்டியைக் கொடுத்ததற்கு ஒரு சான்றிதழ், உடைத்ததற்கு ஒரு சான்றிதழ். முதல் சான்றிதழைக் காட்டினால் புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகை கிடைக்கும். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். அதற்கப்புறம் என்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று இழுக்கும். நம்மில் பாதிப் பேருக்கு ஒரு வாரிசு சிகாகோவில், ஒரு வாரிசு சிட்னியில்.

அண்ணாச்சியிடமிருந்து நாலாம் நாள் கூரியர் வந்தது. ஆர்.சி. புத்தகத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்திருக்கிறார், மடிப்புக் கலையாமல். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: டேஷ்போர்டில் திருச்செந்தூர் முருகன் படம் இருக்கும், அதை மட்டும் எடுத்து அனுப்பவும்.

நிலையத்திலிருந்து வண்டி வந்தது ஒரு சனிக்கிழமை. கதவு திறக்கவில்லை, ஜன்னல் வழியாகக் கையை விட்டோம். உள்ளே எலிக்கூடு, 2012-ஆம் வருடத்து டோல் ரசீது, யாரோ குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். முருகன் இருந்தார். பசை கல்லாக இறுகியிருந்தது, ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பியதில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் ஒரு சில்லு அவரோடேயே வந்துவிட்டது. அப்படியே பஞ்சில் சுற்றி அனுப்பினேன்.

எடை போட்டார்கள். டயர் பயனில்லை, பாட்டரி இல்லை (அது எப்போதோ திருட்டுப் போயிருந்தது). மொத்தம் 14,000 சொச்சம் அண்ணாச்சி கணக்கில் ஏறியது. சேஸிஸ் எண் துண்டை வெட்டி எடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டினார்கள். ஆறு மாசம் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம். அதே பழைய ஆறு மாசம்!

மறுபடி க்ரேன் வந்தபோது வேப்பமரத்தடியில் மாருதி அளவுக்கு ஒரு காய்ந்த செவ்வகம் மட்டும் இருந்தது. அன்று சாயங்காலமே அடுத்த சந்துக்காரர் தன் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

பதிவு ரத்தான காகிதத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அண்ணாச்சி உடனே கூப்பிட்டார். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"காஸ் கனெக்‌ஷன அப்பவே எழுதிக் குடுத்துட்டேன். ரேஷன் கார்டும் குடுத்தாச்சு. இப்ப இதுவும் போச்சு. டெல்லியில எம் பேர்ல இனிமே ஒண்ணும் கெடையாதுல்லா?"

"இல்லை அண்ணாச்சி" என்றேன்.

"சரி தம்பி. முருகன் வந்து சேந்துட்டாரு. பிளாஸ்டிக்கோட அப்படியே பூஜ ரூம்ல வச்சிருக்கேன்" என்றார்.